அண்டை வீட்டு வெளிச்சம்

மதுரையையும் தூத்துக்குடியையும் இணைத்து 1876இல் ரயில் ஓடத் தொடங்கியபோது சாத்தூர் அந்தத் தடத்தில் ஒரு நிலையமாயிற்று. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்படும்வரை, சென்னையில் ரயிலேறிக் கொழும்புக்குப் போனவர்கள் சாத்தூரைக் கடந்துதான் தூத்துக்குடியில் கப்பலைப் பிடித்தார்கள். துரைமார்களும் வியாபாரிகளும் போனார்கள். கங்காணிகள் திரட்டிக்கொண்டு போன தோட்டத் தொழிலாளர் கூட்டமும் அதே தடத்தில்தான் போனது. தூத்துக்குடிக்கு முந்தைய தட்டப்பாறையில் அவர்களை இறக்கி, முகாமில் நிறுத்தி, நோய் நொடி பார்த்துவிட்டுத்தான் கடலைத் தாண்ட விடுவார்கள்.

அந்த எஞ்சின் தின்ற கரி இந்த மண்ணில் வெட்டியதல்ல. நிலையத்தில் எரிந்த விளக்கின் எண்ணெயும் இந்த மண்ணில் ஊறியதல்ல. கரிசல் காட்டில் பருத்தி விளையும், கம்பும் சோளமும் விளையும், கோடையில் வெள்ளரிக்காய் காய்க்கும். எரிபொருள் என்று சொல்ல விறகையும் பருத்திமாரையும் விட்டால் வேறொன்றும் கிடையாது. வைப்பாற்றில் தண்ணீர் ஓடும் நாட்களைவிட மணல் தெரியும் நாட்களே அதிகம். அணை கட்டிச் சக்கரம் சுழற்ற அது இடம் தராது. பின்னாளில் சீமைக் கருவேலம் பரவிய பிறகு கரிமூட்டம் ஒரு பிழைப்பாயிற்று. வெட்டிய மரத்தை அடுக்கி, மேலே வைக்கோலும் ஈரமண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைத்து, புகை நிறம் மாறுவதைப் பார்த்துப் பார்த்து நாள்கணக்கில் காத்திருந்து கரி எடுப்பார்கள். அந்தக் கரியும் மூட்டை மூட்டையாக லாரி ஏறி வெளியூருக்கே போகிறது.

ஆக, சாத்தூரின் வெளிச்சத்துக்கு வரலாறு எழுதப் புகுந்தால் அது அண்டை நாடுகளின் வரலாறாகவும் அண்டை மாநிலங்களின் வரலாறாகவும் ஆகிவிடுகிறது.

முதல் அண்டை நாடு பர்மா. 1885 போரில் மேல் பர்மாவை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அடுத்த ஆண்டே கிளாஸ்கோவில் பர்மா ஆயில் கம்பெனி தோன்றியது. ஐராவதிக் கரையில் ஏனாங்யாங் என்ற ஊரில் பர்மியர்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் கிணறு வெட்டி எண்ணெய் இறைத்துவந்தார்கள். அங்கே எந்திரத் துளை இறங்கியது. ரங்கூனுக்கு எதிரே சிரியத்தில் சுத்திகரிப்பு ஆலை எழுந்தது. அங்கிருந்து மண்ணெண்ணெய் கப்பலேறிக் கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்தது. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். அமெரிக்காவிலிருந்தும் ரஷ்யாவின் பாகுவிலிருந்தும் வந்த எண்ணெய்க்குச் சுங்க வரி உண்டு. பர்மா எண்ணெய்க்கு அது இல்லை. ஆமணக்கெண்ணெயிலும் இலுப்பெண்ணெயிலும் எரிந்துகொண்டிருந்த வீடுகளில் சிம்னி விளக்கு நுழைந்தது இப்படித்தான். எண்ணெய் வந்த தகர டின் காலியானதும் கைப்பிடி மாட்டிக்கொண்டு தண்ணீர் சுமக்கும் டின்னாக மாறியது. தண்ணீர்ப் பஞ்சம் பிடித்த இந்தச் சீமையில் அந்த டின்னுக்கு இருந்த மதிப்பு உள்ளே வந்த எண்ணெய்க்கு இருந்த மதிப்புக்குக் குறைந்ததல்ல.

1928இல் பர்மா ஷெல் கம்பெனி உருவானது. 1937 ஏப்ரல் முதல் தேதியில் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டு, நேற்றுவரை மாகாணமாக இருந்த இடம் அண்டை நாடானது. ஐந்தே ஆண்டுகளில் ஜப்பானியர் வந்தார்கள். 1942 மார்ச்சில் சிரியம் ஆலையையும் ஏப்ரலில் ஏனாங்யாங் கிணறுகளையும் பின்வாங்கிய ஆங்கிலேயர்களே தகர்த்துவிட்டுப் போனார்கள். பர்மாவிலிருந்த தமிழர்கள் காடு மலை தாண்டி நடந்தே ஊர் திரும்பினார்கள். இங்கே மண்ணெண்ணெய் ரேஷனுக்குப் போனது. எங்கோ ஐராவதிக் கரையில் வைத்த வெடி, கரிசல் கிராமங்களின் இரவைக் கறுப்பாக்கியது. எரிபொருளுக்கு ஒரே ஒரு அண்டை நாட்டை நம்பியிருப்பதில் உள்ள ஆபத்து இந்தப் பகுதிக்கு முதல் முறையாகப் புரிந்த ஆண்டு அது.

எண்ணெய்தான் வெளியிலிருந்து வந்தது; அதைக் கொளுத்தும் நெருப்பையாவது இங்கே செய்யலாம் என்ற எண்ணம் அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்திருந்தது. முதல் உலகப் போர்க் காலம்வரை இந்தியர்கள் கிழித்த தீக்குச்சிகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் வந்தவை. 1922இல் ஒரு குரோஸ் தீப்பெட்டிக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விதிக்கப்பட்டது. வரியின் சுவரைத் தாண்ட முடியாத ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி சுவருக்கு உள்ளே வந்து 1923இல் விம்கோ என்ற கம்பெனியைத் தொடங்கியது. அதே காலத்தில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்கு ரயிலேறி, தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு திரும்பினார்கள். முதலில் ஜெர்மன் எந்திரத்தோடு முயன்று, பிறகு கைத்தொழிலாகவே அதை வளர்த்தார்கள். சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று சுற்றுவட்டாரமெங்கும் தீப்பெட்டி ஆபீஸ்கள் முளைத்தன. மழை பொய்த்த வருஷங்களில் கையில் காசு பார்க்க இந்த ஜனங்களுக்கு இருந்த வழி அது.

தீப்பெட்டி ஆபீஸின் வேலையைக் கிட்டத்தில் பார்த்தால் ஒன்று தெரியும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரச்சட்டத்தில் குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்கள். கட்டை அடுக்குவது என்று அதற்குப் பெயர். கண் வேறெங்கோ இருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் தவறாது. அடுக்கி முறுக்கிய சட்டத்தை முதலில் உருகிய மெழுகில் தொட்டு, பிறகு மருந்தில் முக்குகிறார்கள். குச்சியின் மரம் கேரளக் காடுகளிலும் தோட்டங்களிலும் வளர்ந்தது. மெழுகு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் பிறந்தது. மருந்தில் முக்கியமான சரக்கு பொட்டாசியம் குளோரேட். பொட்டாசியம் குளோரைடு கரைசலில் மின்சாரம் பாய்ச்சித்தான் அதை எடுக்கிறார்கள். அந்தப் பொட்டாஷ் உப்பு இந்தியாவில் வெட்டி எடுக்கப்படுவதில்லை, கப்பலில் வருகிறது. ஒரு தீக்குச்சியின் தலையில் கடுகளவு ஒட்டியிருப்பதற்குள் அயல்நாட்டு உப்பும், எங்கோ ஓடிய மின்சாரமும், மலையாள மரத்தின் நுனியும் சேர்ந்திருக்கின்றன. சாத்தூர் தன்னுடையதாகச் சேர்த்தது மனிதக் கையின் உழைப்பை. அதைச் சின்ன விஷயமாக எண்ணக் கூடாது.

இந்தச் சீமைக்கு மின்சாரம் எங்கிருந்து வந்தது என்பதில்தான் இந்தக் கதையின் நடுப்பகுதி இருக்கிறது.

சென்னை மாகாண அரசு பைக்காராவில் 1932இலும் மேட்டூரில் 1937இலும் நீர்மின்சாரம் எடுத்தது. தென்கோடி மாவட்டங்களுக்கு இன்னும் கிட்டத்தில் ஓர் ஊற்று தேவைப்பட்டது. எல்லோர் கண்ணும் பெரியாறு மேல் விழுந்தது. பொறியாளர் பென்னிகுயிக் 1895இல் முடித்த அணையிலிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வரும் தண்ணீர் கம்பம் பள்ளத்தாக்கில் செங்குத்தாக இறங்குகிறது. அந்த இறக்கத்தில் சுழலியை வைத்தால் போதும். புதிதாக அணைகூட வேண்டாம். ஆனால் அணை நின்ற நிலம் திருவிதாங்கூர் மகாராஜாவுடையது. 1886 அக்டோபர் 29இல் கையெழுத்தான குத்தகைப் பத்திரத்தின்படி 999 ஆண்டுகளுக்கு, ஏக்கருக்கு ஐந்து ரூபாய் வீதம், 8,000 ஏக்கருக்கு வருஷம் 40,000 ரூபாய். தண்ணீர் பாசனத்துக்கு என்றுதான் இரு தரப்பும் அன்று எண்ணியிருந்தன. 1886இல் தண்ணீரிலிருந்து மின்சாரம் எடுப்பதை இந்தப் பக்கத்தில் யார் கண்டது?

சென்னை அரசு, வந்த தண்ணீர் என் தண்ணீர், அதை வைத்து என்ன செய்தாலும் என் உரிமை என்றது. திருவிதாங்கூர், பயிருக்குக் கொடுத்தேன், மின்சாரத்துக்குக் கொடுக்கவில்லை என்றது. ஆளுக்கு ஒரு நடுவரை வைத்துப் பார்த்தார்கள், நடுவர்களுக்குள் ஒத்துப்போகவில்லை. கடைசியில் கல்கத்தாவைச் சேர்ந்த நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் வழக்கு போனது. 1941 மே 12இல் அவர் தீர்ப்பு சொன்னார். தண்ணீர் பாசனத்துக்கு மட்டுமே; மின்சாரம் எடுக்கச் சென்னைக்கு உரிமை இல்லை. ஒரு பிரிட்டிஷ் மாகாணத்துக்கு எதிராக ஒரு சமஸ்தானம் வாதாடி வென்ற அரிய சந்தர்ப்பங்களில் அது ஒன்று. தமிழ்நாட்டில் இந்தத் தீர்ப்பைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். பாசனத்துக்கென்று எழுதிய பத்திரத்தை நீட்டி இழுத்து மின்சாரத்துக்கும் பொருந்தவைக்க முடியாது, புதிய பயனுக்குப் புதிய பேரம் பேசத்தான் வேண்டும் என்பதை அது அழுத்தமாகச் சொன்னது. திருவிதாங்கூர் பக்கம் நியாயம் இருந்தது.

அந்த ஆண்டுகளில் தாமிரபரணி மேல் பாபநாசத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது. 1938இல் தொடங்கிய அந்த மின்நிலையம் போருக்கிடையே 1944இல் ஓடத் தொடங்கியது. தெற்கத்தி ஆலைகளுக்கும் ஊர்களுக்கும் அது பெரிய ஆதாரமாயிற்று. பெரியாற்றுத் தண்ணீர் மட்டும் பாறையில் மோதிச் சும்மா இறங்கிக்கொண்டிருந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு பேச்சு மாறியது. சமஸ்தானம் போய் மாநிலம் வந்தது. 1956 மொழிவாரிப் பிரிவினையில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்துக்கே போயின, அணையும் அங்கேயே நின்றது. ஆனால் மின்நிலையக் கட்டுமானம் தொடங்கிவிட்டிருந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் லோயர் கேம்ப்பில் 1958–59இல் மூன்று எந்திரங்கள் ஓடின, 1965இல் நான்காவது. ஒவ்வொன்றும் 35 மெகாவாட், மொத்தம் 140. முதல் மூன்று ஓடத் தொடங்கியபோது முதலமைச்சர் காமராஜர். 1957இலும் 1962இலும் அவர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட தொகுதி சாத்தூர். 1957 ஜூலையில் மின்துறை தனி வாரியமானது. கிராமங்களுக்குக் கம்பி இழுக்கும் வேலை வேகமெடுத்தது. கிணற்றடியில் கமலை நின்று மோட்டார் ஓடத் தொடங்கியது.

அந்தக் காலத்து மின்சாரத்திலும் அயல்நாட்டுக் கை இருந்தது. 1950 ஜனவரியில் காமன்வெல்த் நாடுகளின் வெளியுறவு அமைச்சர்கள் கொழும்பில் கூடி வகுத்த கொழும்புத் திட்டத்தின்கீழ் கனடா குந்தா நீர்மின் திட்டத்துக்கு உதவியது. நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையத்தை சோவியத் யூனியன் கட்டித்தந்தது. 1962இல் அது மின்சாரம் தந்தது. கொழும்பின் பெயரைத் தாங்கிய திட்டத்தால் நீலகிரியில் சுழலி சுற்றியது. ஆனால் கொழும்புக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே ஒரு கம்பிகூட இல்லை.

பெரியாற்று மின்சாரத்துக்கான கணக்கு 1970 மே 29இல் ஒப்பந்தமாக முடிந்தது. தமிழ்நாட்டில் கருணாநிதி முதலமைச்சர், கேரளத்தில் அச்சுத மேனன். நிலக் குத்தகை ஏக்கருக்கு 5 ரூபாயிலிருந்து 30 ரூபாயானது. முப்பது ஆண்டுக்கு ஒருமுறை அதை மாற்றிக்கொள்ளலாம். மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. மின்சாரத்துக்கு, ஆண்டில் 35 கோடி யூனிட் வரை ஒரு கிலோவாட்-ஆண்டுக்கு 12 ரூபாய், அதற்கு மேல் 18 ரூபாய். ஒரு கிலோவாட்-ஆண்டு என்றால் 8,760 யூனிட். 12 ரூபாயை அதால் வகுத்துப் பார்த்தால் யூனிட்டுக்கு ஒரு பைசாவில் ஏழில் ஒரு பங்குகூடத் தேறாது. 1970இல் ஓரளவு நியாயமாகத் தோன்றியிருக்கலாம். விலைவாசி ஏற ஏற மாறும்படி மின்சாரத் தொகையை எழுதாமல் விட்டதால், பிற்காலத்தில் கேரளத்தில் எழுந்த கசப்புக்கு அணையின் பாதுகாப்பைப் பற்றிய பயத்தோடு இதுவும் ஒரு காரணமாயிற்று. அப்படியிருந்தும் அந்த ஒப்பந்தம் முறியவில்லை. எத்தனையோ வழக்குகள், மறியல்கள், எல்லையில் நின்ற லாரிகள் எல்லாவற்றையும் தாண்டி லோயர் கேம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. எழுதப்பட்ட விலை தவறாக இருந்தாலும், விலை என்று ஒன்று எழுதப்பட்டதே காரணம்.

எதிர்த் திசையிலும் வெளிச்சம் போகிறது. 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்ட கூடங்குளத்தின் முதல் உலை 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. அதன் 1,000 மெகாவாட்டில் 133 கேரளத்தின் பங்கு. அதைக் கொண்டுபோக இடமண்ணிலிருந்து கொச்சிக்குக் கம்பி வேண்டியிருந்தது. தோட்டத்தின் மேல் கம்பி போவதை நிலக்காரர்கள் எதிர்த்தார்கள். நஷ்டஈட்டுப் பேச்சு இழுத்துக்கொண்டே போனது. உலை ஓடத் தொடங்கி ஆறு ஆண்டுகள் கழித்து 2019இல்தான் அந்தத் தடம் திறந்தது.

கம்பி இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சாத்தூர்க்காரர்கள் யாரும் சொல்லாமலே அறிவார்கள். 2012இல் சென்னைக்கு வெளியே நாளில் பாதி நேரம் கரண்ட் இருக்காது. அச்சகங்களும் பேனா நிப்புப் பட்டறைகளும் டீசல் ஜெனரேட்டரை நம்பிப் பிழைத்தன. ஜெனரேட்டர் வாங்க முடியாதவர்கள் கரண்ட் வரும் நேரம் பார்த்து நடுராத்திரியில் வேலைக்கு வந்தார்கள். அப்போது வடக்கிலும் கிழக்கிலும் சில மாதங்களில் மின்சாரம் மிஞ்சியது. அதைத் தெற்கே கொண்டுவரப் போதுமான தடம் இல்லை. தென்மண்டல மின்தொகுப்பு தனித்தீவாக இயங்கிக்கொண்டிருந்தது. அதே தனிமையால்தான் 2012 ஜூலை கடைசியில் வட இந்தியா முழுதும் இருண்டபோது தெற்கு தப்பியது என்பதையும் சொல்ல வேண்டும். 2013 டிசம்பர் 31இல் ரெய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் வழியே தெற்கு நாட்டின் ஒரே தொகுப்போடு சேர்ந்தது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஜெனரேட்டர் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது.

இதே தனித்தீவு நிலையில்தான் இன்றும் இலங்கை இருக்கிறது.

இலங்கையின் நீர்மின்சாரம் பிறந்த இடம் தேயிலை மலை. டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியாளர் 1918இலேயே களனி கங்கையின் தலைப்பகுதியில் மின்சாரம் எடுக்கலாம் என்று கணக்கோடு எழுதிக் காட்டினார். லக்சபான ஓடத் தொடங்க 1950 ஆனது. பிறகு காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்கள் வந்தன. மவுசாக்கலைக்காகப் பழைய மஸ்கெலியா நகரமே மூழ்கியது. தண்ணீர் வற்றும் கோடையில் பழைய கோயில் வெளியே தெரியும். அந்த மலைகளில் வாழ்ந்தவர்கள் யார்? தட்டப்பாறை முகாமையும் மண்டபம் முகாமையும் கடந்து போன ராமநாதபுரம், திருநெல்வேலி, மதுரை, திருச்சி ஜில்லாக்காரர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். தங்கள் லயக் குடியிருப்புக்குக் கீழே ஓடிய தண்ணீர் கொழும்பை வெளிச்சமாக்கிய பிறகும் பல காலம் அவர்கள் குப்பி விளக்கில்தான் இருந்தார்கள். 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில் லட்சக்கணக்கானோர் இங்கே திருப்பி அனுப்பப்பட்டார்கள். இரு நாட்டுக்கும் இடையே ஆட்களைப் பங்கு போட ஒப்பந்தம் எழுத முடிந்தது. மின்சாரத்தைப் பங்கு போட அறுபது ஆண்டுகள் கழித்தும் முழு ஒப்பந்தம் எழுதப்படவில்லை. இதை வருத்தத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரு நாட்டு மின்தொகுப்பையும் இணைக்கும் யோசனை 1970களிலிருந்தே உண்டு. 2002இல் அமெரிக்க உதவியில் ஓர் ஆரம்ப ஆய்வு நடந்தது. 2010 ஜூனில் இரு அரசுகளும் சாத்தியக்கூறு ஆய்வுக்கு ஒப்புக்கொண்டன. மதுரையிலிருந்து அநுராதபுரத்துக்கு உயர் அழுத்த நேர்மின் தடம். ஏறத்தாழ 285 கிலோமீட்டர், அதில் சுமார் 50 கிலோமீட்டர் கடலுக்கடியில். கொள்ளளவு 1,000 மெகாவாட். தொழில்நுட்பத்தில் மலைக்க வைப்பது எதுவும் இதில் இல்லை. ஐரோப்பாவில் ஸ்வீடனின் கோட்லாண்ட் தீவுக்குக் கடலடியில் நேர்மின் கம்பி போனது 1954இலேயே.

இந்தியாவின் மற்ற எல்லைகளைப் பார்த்தால் இந்தத் தாமதம் இன்னும் உறுத்தும். பூட்டானோடு 1974இல் சுக்கா ஒப்பந்தம். செலவில் 60 சதவீதம் மானியம், 40 சதவீதம் கடன் என்று இந்தியா கட்டிக்கொடுத்தது. 336 மெகாவாட், 1986–88இல் ஓடத் தொடங்கியது. தேவைக்கு மிஞ்சியதை இந்தியா வாங்குகிறது. விலை காலத்துக்குக் காலம் பேசி ஏற்றப்பட்டிருக்கிறது. பெரியாற்று ஒப்பந்தம் செய்யத் தவறியதைச் சுக்கா செய்தது. வங்கதேசத்துக்கு 2013 அக்டோபரில் பஹரம்பூர்–பேராமாரா தடம் வழியே 500 மெகாவாட் போகத் தொடங்கியது. நேபாளத்துக்கு 2016 பிப்ரவரியில் முசாஃபர்பூர்–தல்கேபர் தடம் திறந்தது. 2014 நவம்பரில் காத்மாண்டுவில் சார்க் நாடுகள் எரிசக்தி ஒத்துழைப்புக்கு ஒரு பொதுச் சட்டகத்தில் கையெழுத்திட்டன. அதன் பிறகு பத்து ஆண்டில், 2024 நவம்பர் 15இல், நேபாளத்தின் 40 மெகாவாட் இந்தியக் கம்பி வழியே வங்கதேசத்தை எட்டியது. மூன்று நாடுகள் ஒரே பேரத்தில் சேர்ந்த முதல் சந்தர்ப்பம். மணிப்பூரின் மோரேயிலிருந்து மியான்மரின் தமுவுக்கும் சிறு அளவில் மின்சாரம் போகிறது. ஒரு காலத்தில் நம் சிம்னிகளுக்கு எண்ணெய் தந்த தேசத்துக்கு இன்று இங்கிருந்து கரண்ட் போகிறது.

இலங்கைப் பக்கம் மட்டும் ஏன் தேங்கியது? அந்த நாட்டின் உள்நாட்டுப் போர் ஒரு காரணம். மன்னாரையும் அநுராதபுரத்தையும் ஒட்டிய நிலம் கால் நூற்றாண்டுக்கு மேல் கம்பி இழுக்கும் நிலமாக இல்லை. 2009க்குப் பிறகு அந்தச் சாக்கு இல்லை. பெரிய அண்டை நாட்டிடம் சுவிட்சைக் கொடுத்துவிடுவோமோ என்ற அச்சம் தீவில் உண்டு. அதை இங்கிருந்து அலட்சியமாகத் தள்ளுவது சரியல்ல. சம்பூரில் இந்திய அரசு நிறுவனம் கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் 2016இல் கைவிடப்பட்டது. மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டத்திலிருந்து அதானி நிறுவனம் 2025 பிப்ரவரியில் விலகியது. மின்சார விலையை ஒட்டியே அந்தச் சிக்கல் முற்றியது. திருகோணமலையில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷார் கட்டிய எண்ணெய்த் தொட்டிகளில் 99ஐ எப்படிப் பங்கிடுவது என்பதற்கே 2022 ஜனவரிவரை பேச்சு இழுத்தது: 14 இந்தியன் ஆயிலின் துணை நிறுவனத்துக்கு, 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்து.

அதே 2022இல் இலங்கை டாலர் இல்லாமல் தவித்தது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. எரிபொருள் வாங்க இந்தியா 50 கோடி டாலர் கடன் வசதி தந்தது. தமிழ்நாட்டிலிருந்து அரிசியும் பால்மாவும் மருந்தும் கப்பலில் போயின. கடலின் குறுகிய பகுதியில் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் முப்பது கிலோமீட்டர்தான் இடைவெளி. அன்று கம்பி இருந்திருந்தால் அரிசிக் கப்பலுக்கு முன்பே மின்சாரம் போயிருக்கும். தீவின் மின்தொகுப்பு சிறியது என்பதால் ஓரிடத்தில் தட்டினால் எல்லாம் விழும் ஆபத்தும் உண்டு. 2025 பிப்ரவரி 9இல் பாணந்துறை துணைமின் நிலையத்தில் ஏற்பட்ட ஒரு பழுது நாடு முழுவதையும் இருட்டாக்கியது.

ஆனாலும் கம்பியைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிறவர்கள் ஒரு கேள்வியை மெல்லத் தாண்டிவிடுகிறார்கள். யார் யாருக்கு, எந்த மாதத்தில், எதை விற்பது? மே முதல் செப்டம்பர் வரை கயத்தாற்றில் காற்றாலைகள் சுற்றும்போது மன்னாரிலும் அதே தென்மேற்குக் காற்றுதான் அடிக்கிறது. கயத்தாற்றில் முதல் காற்றாலைகள் 1990 வாக்கில் டென்மார்க் உதவியோடு நின்றதிலிருந்து தமிழ்நாட்டுக்கு இந்தக் காற்றுப் பருவத்தின் மிகுதியும் அதற்குப் பிந்தைய வறட்சியும் பழக்கம். லக்சபான மலைகளில் மழை கொட்டுவதும் அதே மாதங்களில்தான். இரண்டு நாட்டுக்கும் கடிகாரம் ஒன்று. மாலை ஆறரை மணிக்கு இங்கே விளக்கு போடும்போது அங்கேயும் போடுகிறார்கள். அண்டையில் இருப்பவர்களிடம் மிஞ்சுவதும் குறைவதும் ஒரே நேரத்தில் என்றால் வியாபாரம் நடக்காது. நடப்பது எப்போது? பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, இலங்கை நீர்த்தேக்கங்கள் இறங்கி அனல்மின் நிலையங்கள் விலையுயர்ந்த எண்ணெயை எரிக்கும் நாட்களில், கமுதி போன்ற இடங்களின் பகல் சூரிய மின்சாரமும் பரந்த இந்தியத் தொகுப்பின் மிகுதியும் அங்கே போகலாம். தென்மேற்குப் பருவத்தில் மன்னார்க் காற்று மதுரையில் நிற்காமல், புழுக்கத்தில் தவிக்கும் வட இந்தியாவுக்குப் போகலாம். 2013 டிசம்பரில் தெற்கு தேசியத் தொகுப்போடு சேராமல் இருந்திருந்தால் இந்த இரண்டாவது பாதி கனவாகவே நின்றிருக்கும்.

தீப்பெட்டிக்காரர்களுக்கும் எல்லை தாண்டிய வியாபாரத்தின் மறுபக்கம் தெரியும். சீனாவிலிருந்து வந்த மலிவான லைட்டர் ஒன்று இருபது தீப்பெட்டியின் இடத்தைப் பிடிக்கிறது என்பது அவர்கள் கணக்கு. தொடர்ந்து முறையிட்ட பிறகு, 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் தடை வந்தது. அண்டை நாட்டோடு வியாபாரம் என்றால் கதவை அகலத் திறந்துவைப்பது மட்டுமல்ல, எந்தச் சரக்கை எந்த விலைக்கு உள்ளே விடுவது என்று உட்கார்ந்து பேசுவதும்தான். 1922இன் ஒன்றரை ரூபாய் வரி பிறப்பித்த தொழில் இது.

2025 ஏப்ரல் 5இல் கொழும்பில், இரு நாடுகளுக்கிடையே மின்சாரத்தை ஏற்றுமதி–இறக்குமதி செய்வதற்கான உயர் அழுத்த நேர்மின் இணைப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே பயணத்தில் சம்பூரில் 120 மெகாவாட் சூரிய மின்நிலையத்தின் வேலை தொடங்கிவைக்கப்பட்டது. திருகோணமலையை எரிசக்தி மையமாக்க இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்தன. யாழ்ப்பாணத்துக்கு மேற்கே நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்குச் சூரியனும் காற்றும் கலந்த சிறு மின்நிலையங்கள் அமைக்க, சீன நிறுவனத்துக்குப் போகவிருந்த வேலையை இந்தியா 1 கோடியே 10 லட்சம் டாலர் மானியத்தில் ஏற்று 2024 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. மதுரை–அநுராதபுரம் தடத்துக்கு இனி எழுத வேண்டியவை கடினமான வரிகள். யூனிட் விலை எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாறும், கம்பி சும்மா கிடக்கும் மாதங்களுக்கு யார் பணம் கட்டுவது, பழுதானால் எத்தனை நாளில் யார் சரிசெய்வது, கடலடிக் கம்பிக்கு மேலே வலை இழுக்கும் ராமேஸ்வரம், மன்னார் மீனவருக்கு என்ன உத்தரவாதம். பெரியாற்றுப் பத்திரத்தில் 1886இல் எழுதாமல் விட்ட ஒரு வரிக்காக ஐம்பத்தைந்து ஆண்டு கழித்து வழக்காடினார்கள்.